கூடுதல் வருமான ஊக்கப் பிரிவு

வீட்டுக் கதவுகளுக்கு எண் கொடுக்கும் கதவெண் துறையில் சம்பளம் உயர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடத்தில் வீட்டு வாடகை மூன்று தடவை உயர்ந்தது, பஸ் கட்டணம் இரண்டு தடவை உயர்ந்தது. எண்ணெய் விலை எத்தனை தடவை உயர்ந்தது என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஊழியர்கள் ஒன்றுகூடி, பணிவன்புடன் என்று தொடங்கிப் பணிவன்புடன் என்றே முடியும் ஒரு மனுவை எழுதி இயக்குநரிடம் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு வரி மட்டும் விலைவாசியைப் பற்றி இருந்தது.

மறுநாள் காலையில் இயக்குநர் எல்லோரையும் கூட்ட அரங்குக்கு வரச்சொன்னார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தார். "எனக்கும் அதே கஷ்டம்தான். போன வாரம் எங்க வீட்டு நீச்சல் குளத்துக்கு மருந்து வாங்கப் போனேன். விலையைக் கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சம்பளம்னா என்ன? ஒருத்தர் குடுக்கறாரு, நாம கை நீட்டி வாங்கறோம். இதுல என்ன கௌரவம் இருக்கு? இன்டர்நெட்ல காசு கொட்டிக் கிடக்குது. குனிஞ்சு எடுக்க ஆள் இல்லை. நான் உங்களைக் குனிய வைக்கப் போறேன்."

பலத்த கைதட்டல். கை தட்டச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருந்தது.

இப்படித்தான் 'இணையவழிக் கூடுதல் வருமான ஊக்கப் பிரிவு' பிறந்தது. பெண்கள் ஓய்வறையைக் காலி செய்து, அங்கே ஏ.சி. மாட்டி, ஏழு சுழல் நாற்காலி போட்டார்கள். அதற்கென்று ஓர் ஊக்க அலுவலர் வந்தார். வாசலில் வைத்த பெயர்ப்பலகை துறையின் பெயர்ப்பலகையைவிட இரண்டடி நீளம். இந்தச் செலவில் எல்லோருக்கும் சம்பளத்தை உயர்த்தியிருக்கலாம் என்று சம்பளப் பிரிவு எழுத்தர் சொன்னார். அவர் எண்களோடு மட்டுமே பழகியவர். பெரிய சிந்தனைகள் அவருக்கு எட்டாது.

அந்த அலுவலகத்தில் தபாலக்கா என்று ஒருத்தி இருந்தாள். வயது நாற்பத்து நான்கு. வருகிற கடிதம், விண்ணப்பம் எல்லாவற்றிலும் தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. முடிந்து போகிற கோப்புகளும் அவள் மேசை வழியாகத்தான் வெளியே போகும். இருபத்தொரு வருடமாக இதையே செய்து, வலது கட்டைவிரல் லேசாக ஊதா நிறமாகிவிட்டது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. கணவரின் தங்கையும் கூடவே இருந்தாள். மருந்துக்கடையில் அரைநாள் வேலை, மீதி அரைநாள் அண்ணிக்குப் புத்தி சொல்வது.

ஊக்கப் பிரிவின் முதல் நிகழ்ச்சி உறுதிமொழி ஏற்பு. ஊழியர்கள் வரிசையாக நின்று, வலது கையில் ஃபோனை உயர்த்திப் பிடித்து, "ஓய்வு என்பது விற்காமல் தேங்கிய சரக்கு என்பதை உணர்கிறேன்" என்று சொன்னார்கள். தபாலக்காவின் ஃபோன் சார்ஜில் இருந்ததால் அவள் தேதி முத்திரையை உயர்த்திப் பிடித்தாள்.

அடுத்தது பயிற்சி வகுப்பு. ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. ஊக்க அலுவலர் தயங்கவில்லை. கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, "இதுதான் ஸ்க்ரீன்" என்றார். அதற்குள் ஒரு சின்ன வட்டம் போட்டு, "இதைத்தான் அமுக்கணும்" என்றார்.

"அமுக்கினா என்ன ஆகும் சார்?" என்று தபாலக்கா கேட்டாள்.

"காசு வரும்."

"நீங்க அமுக்கியிருக்கீங்களா சார்?"

ஊக்க அலுவலர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அம்மா, நான் ஊக்கப்படுத்தறவன். சம்பாதிக்கறது உங்க வேலை. ரெண்டையும் நானே செஞ்சா உங்களுக்கு என்ன மரியாதை?"

ஒவ்வொருவரும் மாதம் குறைந்தது ஒரு தொகையாவது ஆன்லைனில் சம்பாதித்து, அதற்கான ஆதாரத்தை மூன்று பிரதிகளில் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதுவும் சம்பாதிக்காதவர்கள் 'வருமானமின்மைச் சான்று' வாங்கி இணைக்க வேண்டும். அந்தச் சான்றுக்குக் கட்டணம் உண்டு.

அலுவலகம் சுறுசுறுப்பானது. மூன்றாம் கவுன்ட்டர்காரர் முடி கொட்டுவதற்குத் தைலம் விற்றார். தன் தலையையே 'உபயோகிப்பதற்கு முன்' என்று காட்டினார், 'உபயோகித்த பின்' என்பது கடைசிவரை வரவில்லை. டிரைவர், தான் போகாத ஊர்களைப் பற்றிப் பயணக் குறிப்புப் போட்டார். கண்காணிப்பாளர் தன்னம்பிக்கைப் பேச்சுப் பேசினார். அவர் மனைவி ஒருத்திதான் பார்த்தாள், அவளும் தன் தங்கைக்குக் காட்டிச் சிரிப்பதற்காக. ஆவணக் காப்பாளர் மட்டும் வழக்கம்போல மதியம் தூங்கினார். ஆனால் அதை நேரலையாகப் போட்டார். தூக்கம் வராத எண்ணூறு பேர் தினமும் அவரைப் பார்த்தார்கள். வேலையைக் கைவிடாமல் வருமானம் ஈட்டியதற்காக இயக்குநர் அவரைப் பாராட்டினார்.

கதவெண் கேட்டு வந்த பொதுமக்கள்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். டோக்கன் வாங்க வேண்டுமென்றால் முதலில் கவுன்ட்டர்காரரின் சேனலுக்குச் சந்தாதாரர் ஆக வேண்டும். மூன்று கவுன்ட்டர் என்றால் மூன்று சேனல்.

தபாலக்காவும் முயன்றாள். வீட்டு மிக்ஸியைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தாள். "மிக்ஸி போடற சத்தத்துல நீங்க பேசினது ஒண்ணும் கேக்கல அண்ணி. நல்ல விமர்சனம்தான், நானா இருந்தா அந்த மிக்ஸிய வாங்கவே மாட்டேன்" என்றாள் நாத்தனார். மூன்று மாதம் தொடர்ந்து வருமானமின்மைச் சான்று வாங்கினாள். நாலாவது மாதம் ஊக்க அலுவலர் கூப்பிட்டார்.

"உங்களால பிரிவோட சராசரி கெடுதும்மா. உங்களுக்கு என்ன தெரியும்?"

"சீல் குத்தத் தெரியும் சார்."

"வேற?"

தபாலக்கா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. அன்று பஸ்ஸில் அழுகை வந்தது. நிற்க இடம் இல்லாததால் அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம், கதவெண் கேட்டு அலைந்துகொண்டிருந்த ஓர் அடுப்பு ரிப்பேர்காரர் அவள் மேசைக்கு வந்தார். எட்டாவது தடவை. வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொள்கிறவர்கள் ஊரில் பெருகியிருந்தார்கள். அவரும் தம்பியும் அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள். தம்பி பக்கம் பழைய கதவும் பழைய எண்ணும் போய்விட்டன. இவர் பக்கத்துக் கதவுக்கு எண் கிடைத்தால்தான் மின் இணைப்பு.

"பேத்தி பொறந்து இருபது நாள் ஆகுதும்மா" என்றார். "ஃபேன் இல்லை. என் மருமக ராப்பகலா அட்டையால விசிறிக்கிட்டு இருக்கா. ஃபாரத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பறாங்க. நீங்க சொன்னா எனக்கு இங்க புரியுது, வீட்டுக்குப் போனா மறந்துடுது. ஃபோன்லயே பேசிக் குடுத்துடுங்களேன், கேட்டுக் கேட்டு எழுதிக்கறேன்."

மதிய இடைவேளையில் தபாலக்கா தன் ஃபோனை முத்திரை மைப்பெட்டியில் சாய்த்து வைத்துப் பேசினாள். படிவத்தில் பன்னிரண்டு கேள்வி. அவள் அலங்காரம் எதுவும் செய்யவில்லை.

"ஏழாவது கேள்வி. 'மேற்படி கதவு ஏற்கெனவே கதவாக இருந்ததா?' ஆம்னு எழுதினா, அப்ப பழைய நம்பர் எங்கேன்னு கேப்பாங்க. இல்லைன்னு எழுதினா, அப்ப அது சுவரு, சுவருக்கு எதுக்கு நம்பர்னு கேப்பாங்க. 'பொருந்தும்'னு எழுதுங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு இங்க யாருக்கும் தெரியாது. தெரியாததைக் கேக்கவும் மாட்டாங்க."

அதை அவருக்கு அனுப்பினாள். நாத்தனார் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இணையத்தில் ஏற்றிவிட்டாள். நாலே நாளில் ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள். சுவர் வைத்துப் பிரிந்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே வீடியோவைப் பார்த்தன. தபாலக்கா வாரம் ஒன்று என்று தொடர்ந்தாள்: எந்தக் கவுன்ட்டரில் எந்த நேரத்தில் ஆள் இருக்கும், எந்தக் கையெழுத்துக்கு எந்த மாடி. இருபத்தொரு வருடத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை.

பணம் வந்தது. முதல் பணத்தில் கணவருக்குப் பல் கட்டினாள். அவர் இரண்டு வருடமாக ஒரே பக்கமாக மென்று கொண்டிருந்தவர். பல் மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று மாடி ஏறி, கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து பார்த்தார். "இவ்ளோ சீக்கிரம் யாரும் மேல போய் நான் பார்த்ததில்லை. நான் லிஃப்டுலயே இருக்கறவன்" என்றார்.

பணம் வந்தது தெரிந்ததும் ஊக்கப் பிரிவு விழித்துக்கொண்டது. அவள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை 'ஊக்கப் பங்கு' என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க எனக்கு என்ன சார் ஊக்கம் குடுத்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேனே" என்றார் ஊக்க அலுவலர். "அந்த வேகத்துலதானே செஞ்சீங்க."

ஒரு திங்கட்கிழமை காலை தபால் கட்டில் அவள் பெயருக்கு இரண்டு கடிதம் இருந்தன. ஒன்று, ஆண்டின் சிறந்த கூடுதல் வருமான ஊழியராக அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், கேடயம் வழங்கப்படும் என்றும் சொன்னது. இன்னொன்று ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவிலிருந்து வந்தது: 'துறையின் நடைமுறைகளைப் பொதுமக்களுக்குப் புரியும்படி வெளிப்படுத்திய குற்றத்துக்கு' ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இரண்டிலும் ஒரே இயக்குநரின் கையெழுத்து. தபாலக்கா இரண்டுக்கும் முத்திரை குத்தி, அடுத்தடுத்த எண் போட்டு, தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டாள். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். இருபத்தொரு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டும் சரிதாம்மா. கேடயம் பாராட்டுக்கு, நோட்டீஸ் ஒழுங்குக்கு. நோட்டீஸை நான் பார்த்துக்கறேன். இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். போன மாசம் உங்க வீடியோ பாக்கறவங்க குறைஞ்சிருக்காங்க. ஏன்?"

"எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு சார்."

"அதான் பிரச்சினை." இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே வரிசை நின்றுகொண்டிருந்தது. "அங்க பாருங்க. அவங்களை நான் பொதுமக்கள்னு நினைச்சுட்டு இருந்தேன். முப்பது வருஷம் வீணாப் போச்சு. அவங்க பொதுமக்கள் இல்லைம்மா, பார்வையாளர்கள். படிவம் புரிஞ்சா எதுக்குப் பாக்கப் போறாங்க? நாம படிவத்தை மாசாமாசம் மாத்துவோம். நாங்க குழப்பறோம், நீங்க விளக்குங்க. யாருக்கு இதுல நஷ்டம்?"

தபாலக்கா ஜன்னலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாத்தனாருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் வாங்கியிருந்தார்கள், முதல் தவணை அந்த வாரம். வாயை மூடிக்கொண்டாள்.

படிவம் வளர்ந்தது. பன்னிரண்டு கேள்வி இருபத்தெட்டாகி, அடுத்த மாதம் அறுபத்தொன்றானது. 'கதவைத் தட்டினால் எழும் ஓசையை மூன்று சொற்களுக்கு மிகாமல் விவரிக்கவும்.' 'கதவு மூடியிருக்கும்போது உள்ளே இருப்பவர்களின் மனநிலை.' 'விண்ணப்பதாரர் ஊரில் இல்லாத நாட்களில் மேற்படி கதவு யாருடைய பொறுப்பில் இருக்கும்? அவருடைய கதவெண்?' தபாலக்கா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக வழி சொன்னாள். வருமானம் சம்பளத்தைத் தாண்டியது. ஊக்கப் பிரிவுக்கு இன்னொரு ஏ.சி. வந்தது.

அப்போது அடுப்பு ரிப்பேர்காரர் மறுபடி வந்தார்.

மாதக்கணக்கில் மேசையில் கிடந்த அவர் விண்ணப்பத்தை, பழைய படிவம் செல்லாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். புதிய படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். மனநிலை என்ற இடத்தில் 'வேர்வை' என்று எழுதியிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தபாலக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்க வீடியோவை ஆறு தடவை பாத்தேன்மா" என்றார். "பாத்தா உங்களுக்குக் காசு வருமாமே, மருமக சொன்னா. அதான் ரெண்டு தடவை சும்மாவே பாத்தேன். நீங்க நல்லா இருக்கணும். நீங்க இல்லைன்னா எங்களுக்கு யாரு இருக்கா இங்க?"

"குழந்தை எப்படி இருக்கு?"

"உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுதுக்கிட்டே இருக்கு. சரியாயிடும். இன்னும் எத்தனை கேள்விம்மா வரும்?"

அன்று சாயங்காலம் தபாலக்கா வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, உடை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்றார் கணவர்.

"நீங்க ஒரு லிஃப்டை ரிப்பேர் பண்ணப் போறீங்க. பண்ணிட்டு, நாளைக்கு மறுபடி கெட்டுப்போற மாதிரி ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி வச்சுட்டு வருவீங்களா?"

"உள்ள ஆள் இருப்பாங்களே."

"நான் வச்சுட்டு வரேன். ரெண்டு மாசமா."

நாத்தனார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் வகுப்புப் பணத்தை நினைக்கறீங்களா அண்ணி? மருந்துக்கடையில சாயங்காலமும் வரச் சொல்றாங்க, நான்தான் சோம்பேறித்தனமா வேண்டாம்னேன். நீங்க பேசுங்க, நான் ஃபோனைப் பிடிக்கறேன். ஆனா அந்த மிக்ஸி பக்கத்துல நிக்காதீங்க."

அன்று எடுத்த வீடியோ ஒன்றரை நிமிடம்தான்.

"அறுபத்தொரு கேள்வியில மூணைத்தான் இங்க யாரும் படிக்கறாங்க" என்றாள் தபாலக்கா. "உங்க பேரு, தெருப் பேரு, பக்கத்து வீட்டு நம்பர். நம்பர் போட அது போதும். முடிஞ்சு வர்ற எல்லாக் கோப்பும் என் மேசைக்குத்தான் வருது, இருபத்தொரு வருஷமாப் பாக்கறேன். மத்த கேள்வியைக் காலியா விட்டா திருப்பி அனுப்புவாங்க. அதனால விடாதீங்க. கோடு போடுங்க. கோடும் பதில்தான்னு ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. நான்தான் சீல் குத்தினேன். அதோட நம்பரைக் கீழே போட்டிருக்கேன். ரத்து பண்ணலை. இதுக்கப்புறம் என் வீடியோவை யாரும் பாக்க வேண்டாம்."

திங்கட்கிழமை வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் மூன்று பதிலும் ஐம்பத்தெட்டு கோடும் இருந்தன. முதல் கவுன்ட்டர்காரர் கண்காணிப்பாளரிடம் ஓடினார். கண்காணிப்பாளர் அந்தச் சுற்றறிக்கையைத் தேட ஆவணக் காப்பாளரிடம் ஓடினார். அவர் நேரலையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் பார்வையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று ஊக்க அலுவலர் தடுத்தார். வேறு வழியில்லாமல் எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு நிமிடம் ஆனது. பதினொரு மணிக்கு வரிசையே இல்லை. கவுன்ட்டர்காரர்கள் காலியான கூடத்தைப் பார்த்துக்கொண்டு, சந்தாதாரர் கேட்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுப்பு ரிப்பேர்காரருக்கு எண் கிடைத்தது. அந்தக் காகிதத்தை நான்காக மடிக்கப் போய், கசங்கிவிடும் என்று மனம் மாறி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மின்வாரியத்துக்குப் போனார்.

அந்த மாதம் தபாலக்காவின் கூடுதல் வருமானம் பூஜ்யம். ஊக்கப் பிரிவின் வருமானமும் ஏறக்குறைய அதுவே. ஆவணக் காப்பாளர் ஒருவரை வைத்து இரண்டு ஏ.சி. ஓட்ட முடியாது. இயக்குநர் விசாரணைக்குக் கூட்டம் போட்டார். சம்பளப் பிரிவு எழுத்தரும் கூப்பிடப்பட்டார்.

"துறையோட குழப்பத்துக்கு ஈடு செய்ய முடியாத சேதம் பண்ணியிருக்காங்க" என்றார் இயக்குநர். "மூணு வருஷத்துக்கு அந்தம்மாவோட ஆண்டு சம்பள உயர்வை நிறுத்து. எழுதிக்கோ."

சம்பளப் பிரிவு எழுத்தர் பேனாவை எடுத்தார், எழுதவில்லை. "நிறுத்த முடியாது சார்."

"ஏன்?"

"நிறுத்தணும்னா முதல்ல இருக்கணும். ஆறு வருஷமா நாம யாருக்கும் உயர்வு குடுக்கலை."

"அப்ப அந்தம்மாவுக்கு மட்டும் குடுத்துட்டு நிறுத்து."

"ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா அதுக்குப் பேரு பரிசு சார். பரிசை நிறுத்த விதியில இடம் இல்லை. பொதுவா எல்லாருக்கும் குடுத்தாத்தான் அது சம்பள உயர்வு. அப்பதான் ஒருத்தருக்கு மட்டும் நிறுத்தலாம். நிறுத்தினா தண்டனை ஆகும்."

இயக்குநர் மேசையைத் தட்டினார். "அப்ப எல்லாருக்கும் குடு! தண்டனைன்னு சொல்லிட்டா தண்டனைதான். செலவைப் பார்த்து ஒழுக்கத்தை விட முடியாது. அந்த ஊக்கப் பிரிவை மூடிட்டு, அந்தக் காசுல குடு!"

இரண்டு உத்தரவும் ஒரே நாளில் வந்தன. அலுவலகத்தில் எல்லோருக்கும் சம்பள உயர்வு. தபாலக்காவுக்கு மட்டும் நிறுத்திவைப்பு. அவள் இரண்டுக்கும் முத்திரை குத்தினாள். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. கணவரிடம் சொன்னபோது, "அப்ப உன்னைத் தவிர எல்லாருக்குமா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, இப்போது பல் எல்லாம் தெரியச் சிரிக்க அவருக்குக் கூச்சம் இல்லை.

முதல் தேதிக்கு மறுநாள் கண்காணிப்பாளர் தலைமையில் பதினான்கு பேர் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மூன்றாம் கவுன்ட்டர்காரர் டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தார். கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.

"தபாலக்கா, உங்களுக்கு மட்டும் விட்டுப்போனதை மாசாமாசம் நாங்க ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டுக் குடுத்துடறதுன்னு பேசி முடிவு பண்ணிட்டோம். மறுக்கக் கூடாது."

தபாலக்கா டீயை வாங்கிக்கொண்டாள். ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் இன்னொரு விஷயம்" என்று கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டு வாடகைப் படியும் நமக்கு ரொம்ப வருஷமா கிடையாது. அதையும் நிறுத்திவைக்கற அளவுக்கு நீங்க ஏதாவது ஒரு தப்புப் பண்ண முடியுமா?"

தபாலக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இருபத்தொரு வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பார்க்கிற மாதிரியே அவர்களைப் பார்த்தாள்.

"மனுவா எழுதிக் குடுங்க" என்றாள். "பரிசீலிக்கலாம்."